லோஷினி திரும்பிப் பார்க்கவில்லை

"புவாயா!"

செல்வா கத்திய கத்தலில் என் துடுப்பு ஒருமுறை தவறியது.

முதலை! நானும் பார்த்தேன். படகுக்குப் பின்னால் பத்து மீட்டர். பழுப்புத் தண்ணீரில் கறுப்பாக, வரிவரியாக ஒரு முதுகு. எங்களைக் குறிவைத்தே வந்தது.

பந்தயப் படகில் துடுப்பு வலிக்கிற நாலு பேரும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவோம். முன்னால் பார்ப்பது ஒரே ஆள், சுக்கான் பிடிக்கிற லோஷினி. ஆகவே முதலை எங்கள் கண்ணுக்கு நேரே. அவளுக்கோ முதுகுக்குப் பின்னால்.

"லோஷினி, பின்னால பாரு!"

"வாய மூடிட்டு வலிங்கடா! இன்னும் எண்ணூறு மீட்டர் இருக்கு!"

அவள் அவசரம் அவளுக்கு.

எங்கள் பல்கலைக்கழகப் படகோட்டக் கழகத்துக்குப் பதினெட்டு வயது. கலந்துகொண்ட பந்தயங்கள் பதினான்கு. பதினான்கிலும் கடைசி. கழகத்தின் வலைப்பக்கத்தில் 'சாதனைகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி: '2011-இல் படகு மூழ்கியது, உறுப்பினர் எவரும் மூழ்கவில்லை.'

இன்றும் கடைசி என்றால் கழகமே கிடையாது. மாணவர் விவகாரப் பிரிவு கடிதம் கொடுத்துவிட்டது. படகுக் கொட்டகை பிக்கிள்பால் விளையாட்டுக் கழகத்துக்குப் போகும். அவர்கள் காலையிலேயே வந்து, எங்கள் கண் முன்னாலேயே, தரையை அளந்துவிட்டுப் போனார்கள்.

தலைவி லோஷினி அசரவில்லை. தம்போயில் அவள் அப்பாவுக்கு டயர் கடை. அந்தக் கடைப் பெயரை எங்கள் சட்டையில் அடித்துக்கொண்டு வந்து மாட்டிவிட்டாள். "நீங்க வலிப்பீங்க. எப்படி வலிக்கணுமோ அப்படி வலிப்பீங்க" என்று மட்டும் சொன்னாள்.

வலித்தோம். அலமாக், அப்படி வலித்தோம்!

செல்வா பிள்ளையாரில் ஆரம்பித்து, தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். முன்னால் போன படகை நெருங்கினோம். அவர்களும் பின்பக்கம் பார்த்தவர்கள்தானே? எங்களுக்குப் பின்னால் வருவதைப் பார்த்ததும் துடுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு உறைந்துவிட்டார்கள். தாண்டினோம். அடுத்த படகும் அப்படியே.

ஒன்றுதான் புரியவில்லை. எவ்வளவு வேகம் போனாலும் முதலை அதே பத்து மீட்டரில். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாதித் தூரத்தில் படகு வெடுக்கென்று ஓர் உலுக்கு உலுக்கியது. அப்புறம் சட்டென்று லேசாகிவிட்டது. உடம்பு சூடு பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

முதலைக்கும் சூடு பிடித்தது. பத்து மீட்டர் ஐந்தானது. ஐந்து மூன்றானது.

"கண்ணு சிமிட்டுதுடா!" செல்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் இடம்!

கோட்டைத் தாண்டியும் நிறுத்தவில்லை. படகைக் கரைச் சேற்றில் ஏற்றி, குதித்து ஓடி, திரும்பினால் ஆற்றில் ஒன்றுமே இல்லை. மாணவர் விவகார அதிகாரி சதாசிவம் சார் கைதட்டிக்கொண்டே வந்து, அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

லோஷினி என்னைப் படகின் பின்முனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர்.

"கண்ணு சிமிட்டுச்சாம்லா! தயா, அது எங்கப்பா கடைப் பழைய லோரி டயர்டா. பட்டையா வெட்டி, நைலான் கயித்துல நான்தான் கட்டினேன். படகு வேகமெடுத்தா மேல வந்து மிதக்கும். யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன?"

குனிந்து கயிற்றை இழுத்தாள்.

சுலபமாக வந்தது. ஒரு முழம். பத்து முழம். இருபது முழம்.

நுனியில் டயர் இல்லை. நார்நாராகப் பிய்ந்து, நசுங்கிய கயிறு மட்டும்.

அவள் சிரிப்பு நின்றது. அன்றைக்கு முதல்முறையாக மெதுவாகத் திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

"தயா," என்றாள். "கொட்டகைய பிக்கிள்பால்காரங்களே வெச்சிக்கட்டுமா?"