ஒரு போல்டருக்கு மட்டும் நேரம்

பென் டிரைவைக் கணினியில் செருகியதும் சுகிர்தா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிடம்.

மூன்று மணிக்குள் எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்று கிராம அலுவலர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மடுல்கெல்லைக்கு மேலேயுள்ள அவர்களின் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை. அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. நேற்று விரல் நுழைந்த வெடிப்பில் இன்று கால் நுழைந்தது.

கரண்ட் இப்போதுதான் வந்திருந்தது. எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

கணினியில் இரண்டு பெரிய போல்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘சான்றிதழ்’. மற்றதன் பெயர் ‘போட்டோ’.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் சுகிர்தாவுக்கு வேலை. பின்னேரங்களில் வீட்டில் இருந்தபடி தோட்டத்து ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாள். யார் என்ன கடதாசி கொண்டு வந்தாலும் ஒரு பிரதி எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்வாள். பதினோரு வருடப் பழக்கம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணப் பதிவு என்று தோட்டமே அதற்குள் இருந்தது.

போட்டோ போல்டரும் அப்படி நிறைந்ததுதான். தேர்த் திருவிழா, பிறந்தநாள், பிள்ளை மடுவத்துக் கலைவிழா. போன் நிறைந்துவிட்டால் படங்களைக் கணினியில் போட்டுவிட்டுப் போனில் அழித்துவிடுவாள்.

பென் டிரைவ் பழையது. ஒவ்வொரு போல்டருக்கும் அரை மணித்தியாலம் காட்டியது.

வாசலில் அவள் புருஷன் முத்துலிங்கம் தன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு நின்றான். கிழவருக்கு இரண்டு வருடமாக நடக்க முடியாது. உடுப்புப் பையும் மருந்துப் பையும் சுகிர்தா தூக்க வேண்டியவை. கணினியைத் தூக்க யாருக்கும் கையில்லை.

“சுகி, அத விட்டுட்டு வா. படியெல்லாம் வழுக்குது. இருட்டிட்டா அப்பாவ தூக்கிட்டு எறங்க ஏலாது.”

“நீங்க முன்னுக்குப் போங்க. அரை மணித்தியாலத்துல வந்துருவேன்.”

அவன் போகவில்லை. அப்பாவைக் கதிரையில் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே நின்றான்.

சுகிர்தா ஒரு போல்டரில் மவுஸை வைத்தாள். பிறகு மற்றதில் வைத்தாள்.

நடராஜா அண்ணன் ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக அலைந்ததை அவள் கண்டிருக்கிறாள். கடதாசி இல்லாதவனுக்கு வீடும் இல்லை, காணியும் இல்லை. படத்தை நாளைக்கும் எடுக்கலாம்.

‘சான்றிதழ்’ போல்டரைக் கொப்பி பண்ணினாள்.

பாதியில் விளக்கு ஒருதரம் கண் சிமிட்டியது. மூவரும் திரையைப் பார்த்தார்கள். கரண்ட் போகவில்லை.

முடிந்ததும் பென் டிரைவைச் சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஐந்தரை மணிக்கு மலை இறங்கியது.

பாடசாலை மண்டபத்தில் இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மேல் லயத்தில் ஒருவரும் இல்லை. கீழ் லயத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அடுப்பில் இருக்கிற சோறு வெந்ததும் வருகிறோம் என்று சொல்லியிருந்தவர்கள்.

அதற்கு மூன்றாம் நாள் மழை விட்டது. ஒரு பொலிஸ்காரர் மண்டபத்துக்கு வந்தார். காணாமல் போனவர்களின் விவரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது எல்லோரும் சுகிர்தாவைக் காட்டினார்கள்.

ஜெனரேட்டரில் ஓடிய பாடசாலை அதிபரின் லேப்டாப்பில் அவள் பென் டிரைவைச் செருகினாள். ஆறு பேருடைய சான்றிதழும் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள்.

பொலிஸ்காரர் தலையை ஆட்டினார். ஆற்றோரத்திலிருந்து ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கப்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். உயிரோடும் சிலர், பேச முடியாமல். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“சர்ட்டிபிகேட் பொறகு மிஸ். இப்ப மொகம் வேணும்.”

போட்டோ போல்டர் கணினியோடு மண்ணுக்குள் இருந்தது.

சுகிர்தா அடையாள அட்டைப் பிரதிகளைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் முத்திரை அளவில் இருந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினாள். ஒருவருடையது இருபது வருடத்துக்கு முந்திய முகம். ஐந்து பேருடைய படங்கள் அச்சாகி வந்தன.

ஆறாவது பெயர் கவிஷா. வயது நான்கு.

நான்கு வயதுப் பிள்ளைக்கு அடையாள அட்டை ஏது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் அந்த ஐந்து பேருக்குள் இருந்தார்கள். வீட்டில் இருந்த போன்கள் வீட்டோடு போயின.

பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோர் விவரம், பதிவாளர் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன.

சுகிர்தா அதையும் அச்செடுத்தாள். தாளைத் திருப்பி வைத்து, பொலிஸ்காரரிடம் பேனை வாங்கினாள்.

எட்டு மாதத்தில் மடுவத்துக்கு வந்த பிள்ளை. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலரை வரைக்கும் அவளிடம் இருந்த பிள்ளை.

முன்பல் ஒன்று பாதி உடைந்தது, என்று எழுதினாள். வலது காதில் மட்டும் தோடு. மற்றதைப் போன வெள்ளிக்கிழமை மடுவத்தில் தொலைத்துவிட்டாள். கால் பெருவிரல் நகத்தில் சிவப்புச் சாயம். இடது புருவத்தில் தழும்பு.

எழுதிய பிறகுதான், பொலிஸ்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. வரிவரியாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

தழும்புக்குச் சிங்களத்தில் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.