வென்ட் பைப்புக்கு வழியில்லை

"அக்கா, வென்ட் பைப் இல்லாமலே எத்தனையோ வீட்டுல வாஷிங் மெஷின் ஓடுது," என்றார் பிளம்பர்.

"ஓடும். நாலாம் நாள் வீடே நாறும்," என்றாள் அவள்.

மெஷின் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கினால், குழாய் வளைவில் நிற்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் சாக்கடை நாற்றம் நேராக வீட்டுக்குள் ஏறும், அதைத் தடுக்கத்தான் வென்ட் பைப் என்கிற காற்றுக் குழாய் என்று கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக அவருக்கே பாடம் எடுத்தாள். இருபது வருஷமாகக் குழாய் மாட்டுகிற மனிதர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

அவள் கணவனுக்குப் பெருமை ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். பாவம், ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் இரண்டு மூட்டை அழுக்குத் துணியைச் சுமந்துகொண்டு, காசு போட்டால் ஓடும் மெஷின் கடைக்குப் போகிறாள். மூன்று மணி நேரம் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கொடுமைக்கு ஒரு முடிவு கட்டாமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்து, வீட்டிலேயே மெஷின் வைக்க, மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையின் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் அவனே ஒழித்து வைத்திருந்தான்.

பிளம்பர் சுவரோரம் கோடு போட்டார். வாசல் சாக்கடைத் தொட்டி வரைக்கும் சரிவு வாட்டம் பத்தாது, தண்ணீர் பாதி வழியில் படுத்துக்கொள்ளும் என்றாள். தரையை அரை அடி தூக்கலாமா? மாமனார் இடறி விழுவார். சமையலறைக் குழாயோடு சேர்த்துவிடலாம் என்றார் அவர். சோப்பு நுரை பாத்திரத் தொட்டியில் பொங்கும் என்றாள். காற்றுக் குழாயை ஜன்னல் பக்கம் திருப்பினாலோ மாமியாரின் மூக்குக்கு நேரே போய் நிற்குமாம். இதற்கு நடுவே கொழுந்தன் சார்ஜர் கேட்டான், மாமியார் மாத்திரை கேட்டார், மாமனார் மூக்குக் கண்ணாடி கேட்டார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது.

"இவ்வளவும் எங்கக்கா படிச்சீங்க?"

"மெஷின் கடையிலதான். மூணு மணி நேரம் அங்க வேற என்ன வேலை?"

பிளம்பர் டேப்பைச் சுருட்டினார். "சார், அக்கா சொல்றது ஒவ்வொண்ணும் சரி. இந்த வீட்டுல நடக்காது," என்று கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கணவனுக்கு மனசே விட்டுப்போயிற்று. காலியாகக் கிடந்த அந்த அறையின் கதவைச் சாத்தினான். பிறகு அவள் தோளைத் தொட்டான்.

"நீ கவலைப்படாதே. இந்த வாரத்துலேருந்து மூட்டையை நான் தூக்கிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமையாவது நீ வீட்டுல எல்லாரோடயும் நிம்மதியா இரு."

அவள் முகம் வெளிறியது. அடுத்த கணம் வெறுங்காலோடு தெருவில் இறங்கி, வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த பிளம்பரை மறித்தாள்.

"அண்ணே, வென்ட் பைப்பைப் பின்சுவருக்கு வெளியே ஏத்தி, மொட்டை மாடிக்கு மேல தூக்கிடுங்க. கழிவுத் தண்ணியைப் பின்பக்கச் சாக்கடைத் தொட்டிக்கு விடுங்க. எட்டடிதான், வாட்டம் தாராளமாப் பத்தும். நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க," என்றாள் மூச்சு வாங்க.

பிறகு வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. அந்த ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."