சாவியைப் பிடிக்க ஓர் ஆள்

சாவியைத் திருப்பினான். ஜீப்பிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. பம்புக்காரனுக்குக் காது வரை சூடேறியது. வேறு எங்கே வேண்டுமானாலும் நின்று தொலைத்திருக்கலாம். மாமனார் வீட்டு வாசலிலா மானத்தை வாங்க வேண்டும்?

மாமனார் வராந்தாவில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். வந்தபோதே, ரோட்டுச் சரிவில் நிறுத்தினால் ஊருக்கெல்லாம் எண்ணெய் ஒழுகும் என்று சொல்லி வண்டியை உள்ளே சமதரையில் போடவைத்தவர் அவர். இப்போது உருட்டிக் கிளப்பவும் வழியில்லை.

அது அவன் கல்யாணத்துக்கு முந்திய ஜீப். மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கி, சலித்துப்போய் நின்றுவிட்டது. மலைத் தோட்டங்களில் பம்பு பழுதுபார்க்கிறவனுக்கு, குழாயையும் மோட்டாரையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் ஏற வேறு வண்டி கிடையாது. அதனால் கியர்பாக்ஸ் ஒரு பழைய வண்டியிலிருந்தும் கிளட்ச் இன்னொன்றிலிருந்தும் வாங்கிப் போட்டு உயிரைப் பிடித்துவைத்திருந்தான்.

அந்தப் பிடிவாதம்தான் வினையாகிவிட்டது. ஆபரேஷன் முடிந்து மனைவியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் காலையிலேயே கிளம்பினான். பாதி வழியில் ஜீப் படுத்துக்கொண்டது. அவள் போன் செய்தபோதெல்லாம் "இதோ கிளம்பிடும், வந்துட்டேன்" என்றான். பொய்யில்லை, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உள்ள வியாதி அது, இன்னும் பத்து நிமிஷத்தில் ஓடிவிடும் என்று உண்மையாகவே நம்புவார்கள்.

தையல்கூடப் பிரிக்காத உடம்போடு அவள் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் பையும் கையுமாகச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அப்பாவுக்கு போன் செய்தாள். இங்கே வந்தவள்தான், தையல் பிரித்து உடம்பு தேறியும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

இன்று அவளை அழைத்துப்போக வந்திருந்தான். கூடத்தில் அவள் எதிரே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "புது பேட்டரி போட்டுட்டேன். இனிமே நிக்காது" என்றான். மன்னிப்புக் கேட்க வந்தவன் பேசுகிற பேச்சா இது?

"அப்ப அதோடயே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

செடிக்குப் போகிற தண்ணீரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று மாமனார் வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் சட்டை முதுகில் சருகு ஒட்டியிருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இவன் இல்லை. இருட்டுவதற்குள் கிளம்புங்கள் மாப்பிள்ளை என்றதும் எழுந்து வந்துவிட்டான்.

இனிமேல் நிற்காது என்று சொன்ன வாய் மூடவில்லை, நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் செய்தால் ஓர் ஆள் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும், இன்னோர் ஆள் சாவியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். காலை நேரங்களில் கொண்டையை முடிந்தபடி ஓடிவந்து சாவியைப் பிடிப்பவள் அவள்தான்.

வெட்கத்தை விட்டு மாமனாரைக் கேட்டான். அந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஏம்மா, இந்த மனுஷன் போற வழியக் காணோம். வந்து சாவியப் புடிச்சு அனுப்பிவிடு."

அவள் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் சுத்தியலோடு அடியில் நுழைந்தான்.

அங்கே மல்லாந்து கிடக்கும்போது யாருடைய முகமும் தெரியவில்லை. அந்தத் துணிச்சலில் வாய் திறந்தது.

"அன்னைக்கு ஒரு ஆட்டோ அனுப்பணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றான். "வண்டியக் கெளப்புறதுலயே புத்தி கெடந்துச்சு. நீ வலியோட உக்காந்திருந்தத நெனச்சா, எனக்கே என்னப் பாக்கப் புடிக்கல. வெக்கமா இருக்கு."

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "இதக் கூடத்துல வச்சே சொல்றதுக்கென்ன?"

"உன் முகத்தப் பாத்துச் சொல்ல முடியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கிரீஸ் முகமெல்லாம் அப்பியது. அப்போதுதான் பார்த்தான்: ஸ்டார்ட்டருக்குப் போகிற மெல்லிய ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மலைப்பாதை குலுக்கலில் விட்டுவிட்டது போலும் என்று நினைத்து அழுத்தி மாட்டினான். திருப்பு என்றதும் ஜீப் கரும்புகை கக்கி உறுமியது.

அவன் வெளியே ஊர்ந்து வந்தபோது அவள் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்திருந்தாள். அவன் கோலத்தைப் பார்த்து முந்தானையை நீட்டினாள். "மூஞ்சியத் தொடைங்க. அப்பா, என் பைய எடுத்துட்டு வாங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் பை வந்தது. மாமனார் அதை வண்டியின் பின்பக்கம் குழாய்களுக்கு நடுவே வைத்தார். பம்புக்காரன் பின்னாலேயே போய், தலை குனிந்தபடி, ஒரு ஒயர் கழன்றதற்கு உங்களையெல்லாம் படுத்திவிட்டேன் மாமா, இனி தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்றான்.

மாமனார் முன்சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். ஜீப்பின் இரைச்சலில் மகளுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் அவன் காதருகே குனிந்தார்.

"எது எந்த ஒயர்னு எனக்கென்ன தெரியும் மாப்பிள்ள, கைக்கு எட்டினதப் புடுங்கிவிட்டேன்."