அறிவிப்பு ஆட்டோ

மாலை வெயில் ரப்பர் மரங்களுக்கிடையே சாய்ந்து முற்றத்தில் விழுகிறது. அறுவை செய்த இடக்காலில் மட்டும் நிற்கிறாள் அஜிஷா. முப்பது எண்ணும்வரை மறுகால் தரையைத் தொடக் கூடாது. முட்டியின் தழும்பில் வியர்வை மினுங்குகிறது. மறுபடி கால்பந்தாட ஒன்பது மாதமாகும் என்று டாக்டர் எழுதித் தந்த தாள் சுவரில் படபடக்கிறது. இது ஐந்தாவது மாதம். இருபத்திரண்டு எண்ணும்போது பாறசாலை ரோட்டிலிருந்து ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியோடு திரும்புகிறது. “ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் ஃபுட்பால் களியில் நம்ம அஜிஷா மீண்டும் இறங்குகிறாள்!” கிளப் செயலாளர் சஜனின் குரல். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் விறுவிறுவென்று போய் ஆட்டோவை மறிக்கிறாள். சஜன் மைக்கைத் தாழ்த்திச் சிரிக்கிறான். “பத்து நிமிசம் நின்னா போதும் மக்கா, ஆளு கூடுமில்லா.” அவள் மைக்கைப் பிடுங்குகிறாள். “அஜிஷாவாக்கும் பேசுறது. ஒம்பது மாசத்துல அஞ்சுதான் ஆச்சு. நான் களிக்க மாட்டேன். ஆளு கூடணும்னா சஜண்ணன் அவருக்க கால ஒடிச்சுட்டு எறங்கட்டு!” சர்ச் சுவரில் மோதி அந்தக் குரல் திரும்பி வருகிறது. மைக்கை அவன் மடியில் எறிந்துவிட்டு முற்றத்துக்கு வந்து, அதே இடக்காலில் நின்று, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள்.