உதட்டுச் சிலுவை

நற்செய்தி வாசகத்துக்கு எழுந்து நின்று எல்லோரும் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் பெருவிரலால் சிலுவை போடும்போது, விண்ணரசியின் விரல் மட்டும் உதட்டைத் தாண்டிப் போய்விடும். அண்ணனை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் மதினி மார்சலினைப் பார்த்து, “எங்கண்ணன நீதான் கொன்னுட்ட” என்று கத்திய வாய் அது. நோயில் படுக்கையில் கிடந்த அண்ணனுக்குக் கண் மூடாமல் பணிவிடை செய்தவள் மதினி. அந்த வாயில் சிலுவை போட விரல் கூசியது. மன்னிப்புக் கேட்பதற்கும் அதே வாய்தானே வேண்டும்? அதற்கும் அது திறக்கவில்லை. விரல் தாண்டுவதை யாரும் கவனித்ததில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

இந்த ஞாயிறு கோயிலுக்கு வரத் தாமதமாகிவிட்டது. பெண்கள் பக்கம் பாயில் ஓர் இடம்தான் மிச்சம், அதுவும் மதினிக்கு அடுத்து. தலையைக் குனிந்தபடி போய் உட்கார்ந்தாள்.

அன்றைய நற்செய்தி, இயேசு திக்குவாயனின் நாவைத் தொட்டுக் குணமாக்கிய புதுமை. எல்லோரும் எழுந்தார்கள். விண்ணரசியின் விரல் நெற்றியைத் தொட்டு நேரே நெஞ்சுக்கு இறங்கியபோது, பக்கத்திலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“ஏட்டி, இன்னைக்கும் ஒண்ண விட்டுட்ட” என்றாள் மதினி மெதுவாக. பிடித்த கையை மேலே தூக்கி, விண்ணரசியின் பெருவிரலாலேயே அவள் உதட்டில் சிலுவை போட்டாள்.

“மதினி, அன்னைக்கு நான்...”

“வாய மூடு. பூசை நடக்குல்லா.”

சாமியார், இயேசு அந்தத் திக்குவாயனிடம் ‘திறக்கப்படு’ என்று சொன்னதை வாசித்தார். விண்ணரசிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பிரசங்கத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். மதினி பிடியை விடாமலே உட்கார்ந்ததால், இவளும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று.