வங்கிக்காரர் இங்கிலீசு

"இருக்கிறதுக்குள்ளே ஆகக் கடினமானது எது?" என்று தயாபரன் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டதும், சூரிச் கடையில் நின்ற விற்பனைப் பெண்ணுக்கு அவன்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. வீட்டில் யாரோ பெரிய படிப்பாளி இருக்கிறார் என்று நினைத்திருப்பாள், பாவம்.

கம்ப்யூட்டரில் போட்டு இங்கிலீசு படிக்கும் சிடிகள் தட்டு நிறைய இருந்தன. அவள் முதலில் எடுத்துக் காட்டியது அருமையான சாமான். படம் காட்டும், ஜெர்மனில் விளக்கம் சொல்லும், மைக்கில் பேசினால் பிழை திருத்தியும் தரும். தயாபரன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

கடைசியில் அவன் வாங்கியது வங்கி அதிகாரிகளுக்கான சிடி. கூட்டம், ஒப்பந்தம், ஏற்றுமதி என்று தொடங்குவது. விளக்கமும் முழுக்க இங்கிலீசு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் அவன் மனைவி சுலோஜனாவுக்கு அதில் ஒரு மண்ணும் விளங்காது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். ரொறன்ரோவில் இருக்கும் சுலோஜனாவின் அண்ணன் சிவநேசன், தங்கச்சியையும் புருஷனையும் கனடாவுக்கு எடுக்க ஏற்பாடு செய்திருந்தான். மாமியார் இராசம்மாவும் அங்கேதான். ஞாயிறு தவறாமல் போன் வரும், எப்ப வாறியள் என்று. மாமியாரை மறுத்துக் கதைக்க வாய் வராத தயாபரன், "ஓம் மாமி, வாறம்" என்று சொல்லிச் சொல்லியே மாட்டிக்கொண்டான். போனை வைத்ததும் சுலோஜனா கண்ணைத் துடைப்பாள். தாயை நினைத்து ஏங்குகிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

ஆனால் அவனுக்குப் போக மனமில்லை. அகதி முகாம், கோப்பை கழுவல் என்று இழுபட்டு, இப்போதுதான் சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஊஸ்டரில் நிரந்தர வேலையும் வதிவிட அனுமதியும் கிடைத்திருந்தன. அதை உதறிவிட்டு மச்சான் வீட்டு பேஸ்மென்டில் போய், சாப்பாட்டுக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதா?

அண்ணன் கூப்பிடுவதால் விண்ணப்பம் சுலோஜனாவின் பெயரில்; கனடாத் தூதரக நேர்முகத்தில் அவள் இங்கிலீசில் பதில் சொன்னால்தான் கனடா. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த இராஜேந்திரன் அண்ணை, இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரே படிப்பிக்கும், ஒரு சிடி வாங்கிக் கொடும் என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். வாங்காமல் இருக்க முடியவில்லை. தரகர் பேசி, படம் பார்த்து, இங்கே வந்து இறங்கியவள் அவள். பத்தாம் வகுப்புத்தான், உங்களுக்குச் சரியான பொருத்தம் என்று தரகர் சொன்ன தைரியத்தில் அவன் இந்த வேலையைப் பார்த்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தயாபரனுக்கு அது அடங்கவே இல்லை. வேலையால் களைத்து வந்தும் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள். அவன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான், குசினி கூட்டினான், கட்டின நாள் முதல் செய்யாத வேலையெல்லாம் செய்தான். தேள் கொட்டிய கள்ளன் நிலைமை, யாரிடமும் சொல்லவும் முடியாது.

ஒருநாள் அவள் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இவன் திடுக்கிட்டு என்னவென்று கேட்டான். சிடியில் வரும் மனேச்சரின் கழுத்துப்பட்டி கோணிக் கிடக்கிறது என்றாள். அவனும் எட்டிப் பார்த்தான். நேராக இருந்தது போலத்தான் பட்டது.

நேர்முகம் பெர்னில், தூதரகத்தில் நடந்தது. கேள்வி கேட்ட அம்மா நல்ல மனுசி. பெயர் என்ன, என்ன வேலை, காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று தயாபரனுக்கே விளங்கும் கேள்விகள்தான் கேட்டார். சுலோஜனா சேலைத் தலைப்பைத் திருகியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் வரவில்லை. கடைசியில் அந்த அம்மா ஜெர்மனுக்கு மாறி, மன்னிக்க வேண்டும், விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோசம் மட்டும் வரவில்லை. திரும்பும் ரயிலில் யன்னலோரம் இருந்த அவளைப் பார்க்கப் பார்க்க, பெற்ற தாயிடம் போக இருந்தவளைத் தடுத்துவிட்டேனே, நானும் ஒரு மனிதனா என்று தன்னையே நொந்துகொண்டான். ஓல்ட்டன் ஸ்டேஷன் தாண்டியதும் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னான். நல்ல சிடியைத் திருப்பி வைத்தது, கடினமானதைக் கேட்டு வாங்கியது, ஒன்றும் விடவில்லை.

சுலோஜனா கோபிக்கவில்லை. "அண்ணை வீட்டிலை போய் ஒண்டிக்கொண்டு இருக்க எனக்கும் விருப்பமில்லை," என்றாள். "நீங்கள் அம்மாவுக்கு ஓம் ஓம் எண்டு சொல்ல, உங்களுக்குத்தான் ஆசையாக்கும் எண்டு நினைச்சு அழுதனான்."

தயாபரனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "அப்ப நல்லதாப் போச்சு. உமக்கு இங்கிலீசு தெரியாததாலை தப்பினம்."

அவள் முகம் வாடியது. இப்போது அவள்தான் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாப்பிள்ளையைவிடப் படிச்ச பொம்பிளை எண்டால் சம்பந்தம் குழம்பிப் போயிடும் எண்டு, அம்மாதான் சொல்லவேண்டாம் எண்டவ."

"என்னத்தைச் சொல்லவேண்டாம் எண்டவ?"

"நான் ஊரிலை இங்கிலீசு படிப்பிச்ச ரீச்சர்."