ஏழு தையல்

"மீடியம் சைஸ்," என்றாள் நெலிடா. "பையனுக்கு."

கடைக்கார ரமீரோவின் கை பாதியில் நின்றது. அவள் மகன் ஃபப்ரீசியோ செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அதை ஒரு தாயிடம் எந்த வாயால் சொல்வது? அணியின் ஜாக்கெட்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டான்.

மறுநாள் பரம எதிரி அணியோடு கால்பந்து ஆட்டம். மைதானத்துச் சுவரை ஒட்டிய அந்தக் கடையில் கால் வைக்க இடமில்லை. கொடி, தொப்பி, கழுத்துத்துண்டு, மாத்தே தேநீர் குடிக்கிற குவளை, கோப்பை வென்ற வருடத்துக் கோல்கீப்பரின் கையுறை, எல்லாம் பச்சையும் வெள்ளையும்.

சிவப்பு மருந்துக்குக்கூடக் கிடையாது. அது தண்டவாளத்துக்கு அந்தப்பக்கத்து அணியின் நிறம். தீயணைப்பு உருளைக்கே பச்சை அடித்து வைத்திருப்பவன் ரமீரோ.

நெலிடா ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் இடது கைப்பட்டியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். தையற்காரி, தையலைப் பார்க்கிறாள் என்று ரமீரோ நினைத்துக்கொண்டான்.

முரசுக்காரர்கள் ஐந்து பேர் கத்திக்கொண்டே உள்ளே வந்தார்கள். எல்லோரும் ஃபப்ரீசியோவின் கூட்டாளிகள். முன்னால் லிசாந்த்ரோ, தோளில் பெரிய முரசு. ஃபப்ரீசியோ இருந்தவரை அது அவன் தோளில் இருந்தது.

லிசாந்த்ரோ முரசை இறக்கிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். "நாளைக்கு வாங்க நெலிடாம்மா. அவனுக்காகக் கை கிழியுற வரைக்கும் அடிக்கிறேன், பாருங்க."

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். பிறகு அவன் ஜாக்கெட்டின் இடது பட்டியைத் திருப்பினாள்.

"என்னய்யா இது, உன் சட்டைக்குள்ள செவப்பு?" என்றாள்.

கடையே சிரித்தது. நெலிடா சிரிக்கவில்லை. லிசாந்த்ரோவும் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தான். அவர்களில் துச்சோ என்கிற தடியன் கேலி செய்வதற்காகத்தான் அந்தக் கையை இழுத்தான். இழுத்தவன் விடவில்லை.

ஏழு தையல். சிவப்பு நூல்.

அவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். முன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கம்பியில் மாட்டிக் கிழிந்த மகனின் ஜாக்கெட் பட்டியை, பச்சை நூல் தீர்ந்துபோனதால் சிவப்பில் தைத்துக்கொடுத்துவிட்டாள் நெலிடா. ஃபப்ரீசியோ குதியாய்க் குதித்தான். "எங்கம்மாவே நம்மளத் தோக்கடிக்கப் பாக்குறா" என்று எல்லோரிடமும் காட்டினான். அன்றைக்கு அணி நான்கு கோல் போட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் முரசுக்காரர்கள் வரிசையாக வந்து அந்த ஏழு தையலைத் தொட்டுவிட்டுத்தான் குச்சியை எடுப்பார்கள்.

அவன் பாலத்தடியில் அடிபட்டுக் கிடந்தபோது உடம்பில் அந்த ஜாக்கெட் இல்லை என்று நெலிடா அழுதாள். அடித்துப்போட்டு ஜாக்கெட்டை உருவிக்கொண்டு போவது அந்தப்பக்கத்தான்களின் வழக்கம். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுவாரமே தண்டவாளத்தைத் தாண்டிப் போய், சிவப்புத் தொப்பி போட்டிருந்த ஒரு ரொட்டிக்கடைக்காரனின் கண்ணை எடுத்துவிட்டு வந்தார்கள்.

துச்சோ நிமிர்ந்தான். "முரசுக்காகவாடா?"

லிசாந்த்ரோவின் முகம் வெளுத்தது. "செவ்வாய்க்கெழம..." என்று ஆரம்பித்தான்.

குத்து வாயில் விழுந்தது. பல்லோடு ரத்தம் கண்ணாடிப் பெட்டிமேல் தெறித்தது. அவன் மறுபடியும் "செவ்வா..." என்றான். அலமாரியில் இருந்த வெண்கலக் கோப்பை தாடையில் இறங்கியது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை.

கொடிக்கம்பால் அடித்தார்கள். முரசுக்குச்சியால் அடித்தார்கள். முட்டி உடையும் சத்தம் தெருவரை கேட்டது. ஒருவன் விற்பனைக்குத் தொங்கிய கழுத்துத்துண்டை உருவி அவன் கழுத்தில் சுற்றி, முதுகில் முழங்காலை வைத்து இழுத்தான். வெள்ளைக் கோடுகள் சிவந்தன. ரமீரோ ஷட்டரை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

நெலிடா எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கால்கள் உதறுவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

துச்சோ அழுதுகொண்டே அந்த ஜாக்கெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "உங்க புள்ளையோடதும்மா. வீட்டுக்குக் கொண்டு போங்க."

கொண்டுபோனாள்.

கதவைத் தாழிட்டு அலமாரியைத் திறந்தாள். அங்கே ஒரு ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. மீடியம். இடது பட்டிக்குள் ஏழு தையல், சிவப்பு நூல்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் கொடுத்தது. உள்ளே கட்டிலில் ஃபப்ரீசியோ, அவள் காதில் ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருந்தான். லிசாந்த்ரோ. செத்தவன் அம்மாவிடம் சொன்ன பெயரை எவன் நம்புவான்? அதனால்தான் ஜாக்கெட்டைக் காணோம் என்று ஊரெல்லாம் அழுதாள். முரசுக்காரர்களின் கிழிசலெல்லாம் அவளிடம்தான் வரும். லிசாந்த்ரோவுடையதும் ஒருநாள் வரும் என்று காத்திருந்தாள்.

அந்த ரொட்டிக்கடைக்காரனின் கண் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அவள் அழுத அழுகைக்குப் போன கண் அது.

ரத்தம் காயாத ஜாக்கெட்டை மடியில் விரித்து ஜிப்பை ஒருமுறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். சிக்காமல் ஓடியது. செவ்வாய்க்கிழமை லிசாந்த்ரோ தைக்கக் கொண்டுவந்து போட்டபோது ஜிப்பின் பல் பெயர்ந்து கிடந்தது.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அதன் பட்டிக்குள் அன்றைக்குத் தான் போட்ட ஏழு தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.